சகோதரன் ஐயப்பன்: மறுப்பும் தம்மமும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட எல்லைப்புற ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலத்தில் கோடு விழுந்ததேயன்றி உறவிலும் பேச்சிலும் விழவில்லை. இத்தகைய ஊர் ஒன்றில் ஒருவர் பகவான் புத்தரைச் சரணடைந்து வாழத் தொடங்குவாராயின், அயலார் அவரிடம் முதலில் எழுப்பும் வினா, கடவுளை ஒப்பாத இந்நெறி நாத்திகமன்றோ என்பதாகவே இருக்கும். கேட்பவர் பெரும்பாலும் பகைவராய் இரார். சொந்தத் தமையனாரோ, தாய்மாமனாரோ, உடன் வேலை செய்யும் நண்பரோ ஆவார். ஆதலின் இவ்வினாவைச் சினத்தோடு தள்ளிவிடுதல் தகாது. தெளிவோடு விடையிறுத்தலே முறை.

விடையை நூல் வழியே கூறலாம். ஒருவரது வாழ்க்கை வழியேயும் கூறலாம். வாழ்க்கை வழியே கூறுவதற்கு நமக்கு மிக அண்மையில் கிடைப்பவர் கேரளத்துச் சகோதரன் ஐயப்பன் ஆவார். கடவுள் மறுப்பை அஞ்சாது பேசியவர் அவர். புத்தர் நெறியே ஒடுக்கப்பட்டோர்க்கு ஏற்றது என்று தம் ஆசிரியர் முன்னிலையிலேயே வாதிட்டவர் அவர். இவ்விரண்டிற்கும் முன்னதாக, தம் குலத்தார் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியிருந்த மக்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவரும் அவரே. இம்மூன்றும் அவர் வாழ்வில் எவ்வாறு இணைந்தன என்பதை அறிந்தோமாயின், நாத்திகமும் பௌத்தமும் எவ்விடத்தில் ஒன்றுகின்றன, எவ்விடத்தில் பிரிகின்றன என்பது எளிதில் விளங்கும்.

அருவிப்புறத்து மண்

ஐயப்பனைச் சொல்லப் புகுமுன் அவருடைய ஆசிரியரைச் சொல்லுதல் வேண்டும். நெய்யாற்றின்கரைக்கு அருகே, நெய்யாற்றின் ஓரத்தில் அமைந்தது அருவிப்புறம். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, ஈழவர் குலத்தில் தோன்றிய ஸ்ரீ நாராயண குரு, ஆற்றிலிருந்து எடுத்த கல் ஒன்றை அவ்விடத்தில் சிவலிங்கமாக நிறுவினார். மேற்குலத்தார் கோயில்களில் நுழையவும் உரிமையற்றிருந்த ஒரு குலத்தைச் சேர்ந்தவர் தெய்வத்தையே நிறுவியது திருவிதாங்கூர் நாட்டில் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கிற்று. குரு தமிழறிந்த சான்றோர். தமிழில் பதிகங்கள் இயற்றியவர். திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் ஆக்கித் தந்தவர். கன்னியாகுமரியை அடுத்த மருத்துவாமலையில் தவம் புரிந்தவர். ஆகவே அவர் எல்லைப்புறத் தமிழர்க்கும் அயலார் ஆகார்.

அதே நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்கானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யங்காளி. புலையர் நடத்தலாகாது என்று தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் 1893-இல் வில்லுவண்டி ஏறிச் சென்றவர். பிற்பாடு புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு திறக்கப்பட வேண்டுமென்று நெடுங்காலம் போராடியவர். இவ்விரு பெரியோரும் நடந்த மண்ணில், கடவுள் உண்டா இல்லையா என்னும் வாதத்திற்கு முன்பே வேறொரு வினா எழுந்துவிட்டது. சாலையில் யார் நடக்கலாம், கிணற்றை யார் தொடலாம், எழுத்தை யார் கற்கலாம் என்பதே அவ்வினா. ஐயப்பனின் சிந்தனையும் இதிலிருந்தே தொடங்கிற்று.

இளமையும் கல்வியும்

கொச்சி சமஸ்தானத்தில், வைப்பின் தீவிலுள்ள செறாயி என்னும் ஊரில், 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் ஐயப்பன் பிறந்தார். ஈழவர் குலத்து வைத்தியக் குடும்பம் அது. தந்தையை இளமையிலேயே இழந்தமையால் தமையனாரின் ஆதரவில் வளர்ந்தார். கோழிக்கோட்டிலும் பின்னர்த் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி பெற்றுப் பட்டதாரியானார். அந்நாளில் ஈழவரில் பட்டம் பெற்றோர் மிகச் சிலரே.

திருவனந்தபுரத்தில் அவர் பயின்ற காலத்தில், 1903-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் ஈழவ மக்களிடையே கல்வியையும் ஒற்றுமையையும் பரப்பி வந்தது. அதன் முதற் செயலாளராக விளங்கியவர் கவிஞர் குமாரன் ஆசான். ஆசானின் உள்ளம் புத்தர் கதைகளில் தோய்ந்தது. தாகத்தால் வருந்திய ஆனந்த பிக்கு தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணிடம் தண்ணீர் வேண்டிப் பெற்ற வரலாற்றைப் பின்னாளில் சண்டாள பிட்சுகி என்னும் காவியமாக ஆக்கியவர் அவரே. குருவின் அருளும் ஆசானின் தமிழையொத்த இனிய மலையாளமும் நிலவிய அச்சூழலில் இளைஞர் ஐயப்பன் வளர்ந்தார். குருவை அவர் தம் ஆசிரியராக ஏற்றார். இறுதிவரை அவ்வுறவை விட்டாரில்லை.

ஒரு பந்தி

ஈழவர் மேற்குலத்தாரால் தாழ்த்தப்பட்டனர். அவ்வீழவரே புலையரையும் பறையரையும் தம்மினும் தாழ்ந்தோராக நடத்தினர். மேலிருப்பவன் செய்யும் கொடுமையைக் கண்டு கொதிப்பவன், தனக்குக் கீழிருப்பவனிடத்தில் அதே கொடுமையைச் செய்யும்போது அதனை உணர்வதில்லை. கொச்சியில் புலையர் நிலைமை எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1913-இல் அவர்கள் தமக்கென ஒரு சபை காண விரும்பியபோது, கூடுவதற்கு நிலத்தில் இடம் கிடைக்காமையால், காயலில் படகுகளைப் பிணைத்துக் கட்டி அவற்றின்மேல் கூடினர்.

இந்நிலையை மாற்றச் சொற்பொழிவு போதாது என்று ஐயப்பன் கண்டார். 1917-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், தம் சொந்த ஊராகிய செறாயியில் மிசிரபோஜனம் எனப்பட்ட சமபந்தி உணவிற்கு ஏற்பாடு செய்தார். சாதி வேற்றுமையை ஒழிக்கப் பாடுபடுவோம் என்று உறுதி கூறியபின், ஈழவரும் புலையரும் ஒன்றாக அமர்ந்து உண்டனர். சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த கறியும் அன்று பரிமாறப்பட்டன என்று கூறுவர். விருந்து எளியதுதான், அதனால் எழுந்த கொந்தளிப்போ பெரிது.

ஊரில் குருவின் பெயரால் கோயில் நடத்தி வந்த ஈழவர் சபையே ஐயப்பனையும் அவரைச் சார்ந்தோரையும் விலக்கி வைத்தது. உறவினர் வீடுகளின் கதவு அடைபட்டது. இகழ்ச்சியாக அவருக்குப் புலையன் ஐயப்பன் என்று பெயரிட்டனர். அவரோ அப்பெயரைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். வசைச்சொல்லை வாங்கி மார்பில் அணிந்துகொண்டவனை வேறு எந்தச் சொல்லால் வீழ்த்த முடியும்?

அவ்வாண்டிலேயே சகோதர சங்கம் என்னும் இயக்கத்தையும், சகோதரன் என்னும் பத்திரிகையையும் தொடங்கினார். அப்பத்திரிகை 1956 வரை வெளிவந்தது. சகோதரன் என்னும் பெயர் பத்திரிகையிலிருந்து அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. ஊரார் இட்ட வசைப்பெயர் மறைந்தது. உடன்பிறந்தான் என்னும் அழகிய பெயர் நிலைத்தது.

சமபந்தி குருவின் விருப்பத்திற்கு மாறானது என்று எதிர்ப்பாளர் பரப்பினர். 1921-இல் குரு தம் கையெழுத்திலேயே ஒரு செய்தியை ஐயப்பனுக்கு அளித்தார். சமயமும் உடையும் மொழியும் வேறுபடினும் மனிதர் ஓரினமே. ஆகவே கலந்து உண்பதிலோ கலந்து மணம் புரிவதிலோ குற்றமில்லை என்பதே அதன் கருத்து. இதன்பின் எதிர்ப்பாளர்க்குக் குருவின் பெயரைச் சொல்லிப் பேச இடமில்லாது போயிற்று.

மூன்று மறுப்பும் ஒரு வேண்டுகையும்

சாதி, மதம், கடவுள் ஆகிய மூன்றிலும் மனிதர்க்குள் பிரிவு இல்லை, ஒருமையே உண்டு என்பது குருவின் புகழ்பெற்ற போதனை. மாணவராகிய ஐயப்பன் அம்மூன்றையும் எடுத்துக்கொண்டு, மனிதனுக்கு அவை ஒன்றேனும் வேண்டுவதில்லை என்று மாற்றியமைத்தார். கேரளம் முழுவதும் இது பரவிற்று. ஆசிரியரின் வாக்கை மாணவர் திருத்தலாமா என்று பலர் முகம் சுளித்தனர். குருவோ அவரைத் தம்மிடமிருந்து விலக்கவில்லை. ஆசிரியர் மாணவரின் மனத்தை அறிந்திருந்தார். மாணவர் ஆசிரியரின் பெருந்தன்மையை அறிந்திருந்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். ஐயப்பனின் வாக்கு மூன்று மறுப்புகளோடு முடிவதில்லை. மறுப்பைச் சொல்லி முடித்தபின், வேண்டுவது தர்மமே என்று அவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். அதுவும் இடத்திற்கும் காலத்திற்கும் தக்கவாறு கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்றார். மக்கள் முற்பகுதியை நினைவில் வைத்தனர், பிற்பகுதியை மறந்தனர். அவரைப் போற்றியோரும் மறுப்பையே பாராட்டினர். தூற்றியோரும் மறுப்பையே பழித்தனர். அவருடைய கருத்தின் உயிரோ பிற்பகுதியில்தான் இருக்கின்றது. நாத்திகத்திற்கும் பௌத்தத்திற்கும் உள்ள உறவும் வேறுபாடும் அப்பகுதியிலேயே அடங்கியிருக்கின்றன.

நாத்திகம் என்னும் சொல்

நாத்திகம் என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் மூன்று பொருள்கள் வழங்கி வந்துள்ளன. மூன்றையும் கலந்து குழப்புவதனாலேயே வீண் வாதம் வளர்கின்றது.

முதலாவது பொருள் பழமையானது. மறுமையும் வினைப்பயனும் இல்லை என்போன் நாத்திகன். இப்பொருளில் புத்தர் நாத்திகர் ஆகார். அவர் காலத்திலேயே அஜித கேசகம்பளர் என்னும் ஆசிரியர், நல்வினை தீவினைகளுக்குப் பயனில்லை, உடல் அழிந்தால் யாவும் அழிந்தன என்று போதித்தார். புத்தர் அக்கொள்கையை ஏற்கவில்லை. செயலுக்கு விளைவு உண்டு என்பதே அவர் அறத்தின் அடித்தளம்.

இரண்டாவது பொருள் மனுநூல் கூறுவது. வேதத்தை இகழ்வோன் நாத்திகன் என்பது அதன் முடிபு. இப்பொருளில் புத்தர் நாத்திகரே, மகாவீரரும் நாத்திகரே. ஆனால் விந்தையொன்று காண்க. உலகைப் படைத்த கடவுளைத் தன் கொள்கைக்குத் தேவையாகக் கருதாத பழைய சாங்கியமும், வேள்விக்குப் படைப்போன் வேண்டாமென்ற மீமாம்சையும், வேதத்தை ஒப்பியமையால் ஆத்திகத் தரிசனங்கள் என்று எண்ணப்பட்டன. ஆகவே இப்பொருளில் நாத்திகன் என்னும் பெயருக்கும் கடவுளுக்கும் தொடர்பே இல்லை. அது ஒரு நூலின் ஆட்சிக்குப் பணியாதவன்மேல் சூட்டப்பட்ட பெயராகும். அந்நூலே வருணத்தையும் காத்து நின்றது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மூன்றாவது, இக்காலத்துப் பொருள். உலகைப் படைத்துக் காக்கும் கடவுள் ஒருவர் இல்லை என்போன் நாத்திகன். இவ்விடத்தில்தான் பௌத்தம் நாத்திகத்தோடு ஒரு தொலைவுவரை உடன் நடக்கின்றது. படைப்போன் ஒருவனைப் பௌத்தம் ஏற்பதில்லை. அதன் நூல்களில் தேவர்கள் வருவதுண்டு. ஆனால் அவர்களும் பிறப்பும் இறப்பும் உடையவர்களே. அவர்களால் ஒருவரையும் துன்பத்திலிருந்து விடுவித்தல் இயலாது. உலகிற்குத் தொடக்கம் உண்டா, முடிவு உண்டா என்ற வினாக்களைப் புத்தர் விடையிறாமல் ஒதுக்கினார். நச்சம்பு தைத்த ஒருவன், எய்தவன் யார், வில் எத்தன்மையது என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் ஆராய்ச்சி முடியுமுன் உயிர் போய்விடும் என்று மாலுங்கியபுத்தருக்கு அவர் உணர்த்திய உவமை யாவரும் அறிந்ததே. அம்பை எடுப்பதே முதல் வேலை.

கடவுள் இல்லாத ஒன்றைச் சமயம் என்று அழைக்கலாமோ என்று வினவுவோரும் உளர். பிரெஞ்சு நாட்டுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்க்கைம், 1912-இல் வெளியிட்ட தம் நூலில், கடவுள் நம்பிக்கையே சமயத்தின் இலக்கணம் என்பது பொருந்தாது என்று காட்டுவதற்குப் பௌத்தத்தையே எடுத்துக்காட்டினார். புனிதம் என்று போற்றுபவற்றைச் சூழ்ந்து மக்களை ஒரு சமூகமாகப் பிணைக்கும் நம்பிக்கைகளும் ஒழுகலாறுகளுமே சமயம் என்பது அவர் முடிபு. தமிழர்க்கு இத்தகைய ஆராய்ச்சி புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில், சேரர் தலைநகராகிய வஞ்சியில், மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியையும் அணுகி அவரவர் கொள்கையைப் பொறுமையோடு கேட்கிறாள். பூதங்களின் கூட்டமே உயிர் என்போனுடைய கூற்றும் அவற்றுள் ஒன்று. எல்லாவற்றையும் கேட்டறிந்த பின்னரே அவள் புத்த அறத்தில் நிலைபெறுகிறாள். பிறர் கொள்கையைக் கேளாமல் தன் கொள்கையைப் பற்றுவது குருட்டுப் பற்று என்பதை அக்காப்பியம் நமக்குக் கற்பிக்கின்றது.

ஆலுவாயில் நடந்தவை

கேட்டறிதல் என்னும் இப்பண்பை ஐயப்பன் தம் ஆசிரியரிடம் கண்டார். 1924-ஆம் ஆண்டு சிவராத்திரியை ஒட்டி, பெரியாற்றங்கரையிலுள்ள ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் குரு சர்வமத மாநாடு ஒன்றைக் கூட்டினார். வாதிட்டு வெல்வதற்காக அன்றி, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே கூடியுள்ளோம் என்னும் கருத்து அம்மாநாட்டின் வாயிலில் பொறிக்கப்பட்டிருந்தது. இந்து, கிறிஸ்தவ, இசுலாமிய, பௌத்தக் கொள்கைகள் அங்கே எடுத்துரைக்கப்பட்டன.

அம்மாநாட்டிற்கு முன்னரே, ஈழவர் இந்து சமயத்தை விட்டு நீங்குதல் வேண்டுமா என்னும் வாதம் கேரளத்தில் மூண்டிருந்தது. கோழிக்கோட்டில் மிதவாதி என்னும் பத்திரிகையை நடத்திய வழக்கறிஞர் சி. கிருஷ்ணன் பௌத்தத்தைத் தழுவி, அந்நகரில் புத்தர் கோயில் ஒன்றையும் அமைத்தார். ஐயப்பனும் பௌத்தமே தக்க நெறி என்று வாதிட்டார். ஆனால் புத்தர் வரலாற்றைக் காவியமாக்கிய குமாரன் ஆசானோ மதமாற்றத்தை ஏற்கவில்லை. மதம் மாறுவதனால் மட்டும் சமூகம் பொன்னாகிவிடாது என்று நீண்டதொரு கட்டுரை வரைந்தார். ஆசான் 1924 ஜனவரியில் படகு விபத்தில் உயிர் நீத்தமையால் அவ்வாதம் இருவருக்கிடையே முடிவுறாமலே நின்றுவிட்டது.

குருவின் முன்னிலையில் ஐயப்பன் தம் கருத்தை மறைக்கவில்லை. சாதியைச் சுமக்காத, அருளையும் அறிவையும் அடிப்படையாகக் கொண்ட புத்தர் நெறியை அவர் எடுத்துரைத்தார். எந்த மதமாயினும் மனிதன் நல்லவனாதலே வேண்டும் என்னும் தம் கொள்கையில் குரு நின்றார். ஆசிரியர் மாணவரை அடக்கவில்லை. மாணவர் ஆசிரியரை அவமதிக்கவில்லை. கருத்து வேறுபட்ட இருவர் ஒரே கூரையின்கீழ் மனக்கசப்பின்றி உரையாடலாம் என்பதற்கு இது சிறந்த சான்று. 1928 செப்டம்பர் 20-ஆம் நாள் குரு சிவகிரியில் மறைந்தார்.

1920-களின் முடிவில் யுக்திவாதி என்னும் பத்திரிகை தோன்றியபோது ஐயப்பனும் அதன் நிறுவுநருள் ஒருவராய் நின்றார். மலையாளத்தில் பகுத்தறிவுக் கொள்கைக்கென எழுந்த முன்னோடிப் பத்திரிகை அது. பின்னர், 1935 அக்டோபர் 13-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் இயோலாவில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தபோது, கேரளத்திலும் மதமாற்ற வாதம் மீண்டும் எழுந்தது. சிலர் கிறிஸ்தவத்தை நாடினர். ஐயப்பன் போன்றோர் பௌத்தத்தையே காட்டினர். 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். மூடியிருந்த கதவு திறந்தவுடன், வெளியேறுவோம் என்ற குரலும் தணிந்தது. ஈழவ மக்கள் பெருந்திரளாகப் பௌத்தத்திற்கு வரவில்லை.

பொதுவாழ்வும் மறைவும்

1928-இல் கொச்சிச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐயப்பன் நெடுங்காலம் அதன் உறுப்பினராக விளங்கினார். திருமணம், மரபுரிமை ஆகியவை பற்றிய சீர்திருத்தச் சட்டங்களுக்காக உழைத்தார். தொழிலாளர் நலனுக்கென வேலைக்காரன் என்னும் பத்திரிகையையும் நடத்தினார். 1930-இல் அவரை மணந்த பார்வதி அம்மையார் அவருடைய பணிகளில் துணை நின்றதோடு, பெண்கள் நலனுக்கெனத் தாமும் அரும்பணி ஆற்றினார். 1946-இல் கொச்சி அமைச்சரவையிலும், 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி ஒன்றியத்தின் அமைச்சரவையிலும் ஐயப்பன் இடம்பெற்றார். பின்னர்ப் பதவியையும் அரசியலையும் விட்டு ஒதுங்கினார். 1968-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள், தமது 78-ஆம் வயதில் மறைந்தார். செறாயியில் அவருக்கு நினைவகம் எழுப்பப்பட்டது.

அவருடைய வாழ்வு நமக்கு உணர்த்துவது

மறுப்பு என்பது நிலத்தைத் திருத்துவது போன்றது. முட்புதரை வெட்டி எறிந்தால்தான் உழவு நடக்கும். ஆனால் புதரை வெட்டியதையே உழவு என்று எண்ணி ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானாயின், அடுத்த மழையில் அதே புதர் மீண்டும் முளைக்கும். கடவுள் இல்லை என்று கூறுவது ஒரு வினாவிற்கு விடை; எவ்வாறு வாழ்வது என்னும் வினாவிற்கு அது விடையாகாது. கடவுளை மறுத்தவன் சாதியைக் காத்தலும் கூடும். பிறரை ஏய்த்தலும் கூடும். குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தலும் கூடும். பஞ்சசீலத்தை ஏற்றவனுக்கோ இவற்றுள் ஒன்றுக்கும் இடமில்லை. நாத்திகமும் பௌத்தமும் பிரியும் இடம் இதுவே. ஐயப்பன் மூன்றை மறுத்தபின் தர்மத்தை வேண்டியது இது கருதியே.

1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு தீட்சை பெற்ற பாபாசாகேப் அம்பேத்கரும், மறு ஆண்டில் வெளிவந்த தம் புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில், பிற மதங்களில் கடவுளுக்குரிய இடம் தம்மத்தில் ஒழுக்கத்திற்கு உரியது என்று விளக்கினார். தனித்து வாழ்பவனுக்குத் தம்மம் தேவைப்படாமற் போகலாம். இருவர் சேர்ந்து வாழும் இடத்தில் அது இன்றியமையாதது என்பது அவர் கருத்து. ஒரே பந்தியில் இருவர் அமரும்போது அவர்களிடையே நிலவ வேண்டுவது எதுவோ அதுவே தம்மம் என்று நாம் இதனை எளிமையாகக் கொள்ளலாம்.

ஐயப்பன் காட்டிய நெறியில் மக்கள் ஏன் திரளாக வரவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோயில் திறந்தது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு என்று கருத இடமிருக்கின்றது. கேரளத்தில் பௌத்தம் பெரிதும் பத்திரிகையிலும் மேடையிலும் வாதமாகவே வாழ்ந்தது. பிறந்த குழந்தைக்குப் பெயரிடவும், மணமக்களை வாழ்த்தவும், இறந்தோரை வழியனுப்பவும் ஊர்தோறும் கூடும் ஒரு பௌத்தச் சமூகம் போதிய அளவில் உருவாகவில்லை. பழைய வீட்டை விட்டு வெளியேறச் சொன்னால் மட்டும் போதாது. புகுவதற்குப் புதிய வீடு ஒன்றும் வேண்டும். தமிழகத்தில் 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோது இவ்வுண்மையை உணர்ந்தே செயற்பட்டார். அறிவுக்குப் பொருந்தும் பௌத்தத்தை 1907-இல் தம் ஆங்கில நூலால் விளக்கிய பேராசிரியர் இலட்சுமி நரசுவின் பணியும் வேண்டும். மக்களைக் கூட்டி வைத்த பண்டிதரின் பணியும் வேண்டும். ஒன்று கண், மற்றொன்று கால்.

ஆகவே எல்லைப்புறத்துத் திண்ணையில் நம்மவர் ஒருவரை அவருடைய தமையனார் நாத்திகனோ என்று வினவினால், சொல்லத்தக்க விடை இது. வேதத்தின் ஆட்சியை ஏற்காதவன் நாத்திகன் என்றால் ஆம். படைப்போன் ஒருவனை நம்பி வேண்டாதவன் நாத்திகன் என்றாலும் ஆம். நல்வினைக்கும் தீவினைக்கும் பயனில்லை என்று மனம்போல் திரிபவன் நாத்திகன் என்றால் ஒருபோதும் இல்லை. இவ்விடையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருத்தல் ஆகாது. அத்தமையனாரை உணவிற்கு அழைக்க வேண்டும். ஊர் ஒதுக்கி வைத்திருப்போர் எவரோ அவரையும் அதே பந்திக்கு அழைக்க வேண்டும்.

நம்முள்ளேயே இன்னும் உட்பிரிவு பார்த்துப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவோர் உளரேல், அவர்கள் திரிசரணத்தை வாயால் கூறினரேயன்றி வாழ்வால் கூறவில்லை என்றே கொள்ளல் வேண்டும். 1917-இல் செறாயியில் விரிக்கப்பட்ட பந்தி அத்தகையோரை நோக்கி எழுப்பும் வினாவிற்கு எந்த நூலும் அவர்களுக்காக விடை சொல்லாது. அவரவர் இல்லத்து முற்றமே விடை கூறுதல் வேண்டும்.

அருவிப்புறத்தில் ஒரு கல் நிறுவப்பட்டது. செறாயியில் ஓர் இலை விரிக்கப்பட்டது. கல்லைத் தொட உரிமை தந்தவர் ஆசிரியர். இலையில் உடன் உண்ண அழைத்தவர் மாணவர். அவர் வழியே நாமும் மறுக்க வேண்டியதை மறுத்து, வேண்டத்தக்கதாகிய தம்மத்தை வேண்டிப் பெற்று, உடன்பிறந்தாராய் வாழ்வோமாக. தம்மம் தழைக்க, சங்கம் ஓங்குக.